பாரம்பரிய நெல்லை முளைக்க வைத்து நாற்றாக்குதல்: முதன்முறை விதைப்பவர்களுக்கு

போன ஐப்பசியில் கிண்ணியாப் பக்கத்திலிருந்து ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டார். பச்சைப்பெருமாள் என்ற பழைய இனத்து விதைநெல் பத்துக் கிலோ ஊறப்போட்டு ஐந்து நாளாகிறதாம், பாதி கூட முளைக்கவில்லையாம். விதை தந்தவர் ஏமாற்றிவிட்டாரோ என்று கேட்டார். இந்த நெல் எப்போது வெட்டியது என்று மட்டும் திருப்பிக் கேட்டேன். ஆவணிக் கடைசி என்றார். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை, நெல் இன்னும் நித்திரையில் இருக்கிறது.

எனக்கும் இதே நடந்தது. 2021இல் இலங்கையில் இரசாயன உரத்துக்குத் தடை வந்து, யூரியா இல்லாமல் எதை விதைக்கலாம் என்று பலரும் பழைய இனங்களைத் தேடிய காலம் அது. திருகோணமலை மாவட்டத்துத் தம்பலகாமத்தில் அப்பாவின் முக்கால் ஏக்கர் வயலை நான் திரும்ப எடுத்துச் செய்யத் தொடங்கியிருந்தேன். ஆவணியோடு முடியும் சிறுபோகத்தில் வெட்டிய பச்சைப்பெருமாள் ஒரு புசல் (ஏறக்குறைய இருபது கிலோ) கிடைத்தது. அதை அப்படியே ஊறவைத்து, முளைத்ததும் முளைக்காததுமாக அள்ளி வீசிவிட்டேன். பயிர் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் வந்தது. இடைவெளி முழுவதையும் கோரை பிடித்துக்கொண்டது. அந்தப் போகம் எனக்கு மிஞ்சியது அடுத்த போகத்துக்கான விதையும் கொஞ்ச வைக்கோலும்தான்.

அதற்குப் பிறகு பெரியப்பாவிடமிருந்தும், வாய்க்காலின் மேற்பக்கத்தில் வயல் செய்யும் வயதான கமக்காரர்களிடமிருந்தும் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன். விதையைக் கையில் எடுக்கும் நாளிலிருந்து நாற்றுப் பிடுங்கும் நாள் வரை மட்டும். அதற்குப் பின்னால் உள்ள வேலையைச் சொல்லித்தர எல்லா ஊரிலும் ஆள் இருக்கிறது. இந்த முதல் ஒரு மாதத்தை யாரும் சொல்லித் தருவதில்லை. ‘ஊறப்போட்டுக் கட்டி வை, முளைக்கும்’ என்பதோடு முடித்துவிடுவார்கள்.

புதிய இனங்களில் பழகிய கைகளுக்கு அது போதும். 1958இல் எச்-4 என்ற புதிய நெல்லினம் வந்தது, அதைத் தொடர்ந்து பத்தலகொடை நெல் ஆராய்ச்சி நிலையத்தின் பிஜி இனங்கள் வந்தன. அந்த விதை பெரும்பாலும் ஒரே சீராக முளைத்துவிடும். பழைய நெல்லின் குணம் வேறு. வெட்டிய கையோடு விதைத்தால் முளைக்காது. கதிர் முற்றிச் சாய்ந்து மழைத் தண்ணீரில் கிடந்தாலும், கதிரிலேயே முளைத்துப் பாழாகாமல் தப்புவதற்கு அது வைத்திருக்கும் வழி இது. மாசியில் திடீரென்று மழை பெய்யும் எங்கள் மாவட்டத்துக்கு மிகவும் வேண்டிய குணம். சிவப்பரிசி இனங்களில் இந்த உறக்கம் இன்னும் ஆழம். அரிசித் தோலுக்குச் சிவப்பு நிறம் தருகிற மரபணுவே உறக்கத்தையும் கூட்டுகிறது என்று ஆய்வில் கண்டிருக்கிறார்கள்.

எந்த இனம், யாரிடம் வாங்குவது

முதல் தடவை செய்பவருக்குப் பச்சைப்பெருமாளைத்தான் நான் சொல்வேன். ஏறக்குறைய மூன்றரை மாதத்துப் பயிர், சிவப்பரிசி. சுவந்தல் என்ற இனத்தின் வாசம் யாரையும் இழுக்கும். ஆனால் அதற்கு ஐந்து மாதத்துக்கு மேல் வேண்டும், ஐப்பசியில் தொடங்கும் பெரும்போகத்தில்தான் விதைக்க வேண்டும். பழைய நீண்டகால இனங்கள் பலவும் பகலின் நீளத்தைப் பார்த்துத்தான் பூக்கும். போகம் மாறி விதைத்தால் இலையாக வளர்ந்துகொண்டே இருக்கும், கதிர் நேரத்துக்கு வராது. இன்னொன்றும் உண்டு. கந்தளாய்க் குளத்துத் தண்ணீரில் செய்கிற எங்களுக்குத் தண்ணீர் பூட்டும் தேதியைப் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் முடிவு செய்கிறார்கள். ஊரில் பெரும்பாலானோர் விதைப்பது மூன்றரை, நான்கு மாத நெல். நீங்கள் மட்டும் ஐந்து மாத நெல்லோடு வாய்க்காலின் கடைக்கோடியில் இருந்தால் கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் தண்ணீர் நின்றுவிடும். கூட்டத்துக்குப் போய்த் தேதியைக் கேட்டுவிட்டு இனத்தைத் தெரிவு செய்யுங்கள்.

கடலோரத்து உவர் நிலம் என்றால் கதை வேறு. அங்கே பொக்காளி போன்ற உப்புத் தாங்கும் இனங்களைத் தேட வேண்டும். கலுஹீனட்டி, மடத்தவாலு இரண்டும் நல்ல சிவப்பு இனங்கள், ஓரிரு போகம் பழகிய பிறகு அவற்றுக்குப் போகலாம்.

விதையை, அந்த நெல்லை வயலில் நிற்கும்போதே நீங்கள் பார்த்த ஒருவரிடம் வாங்குவது நல்லது. கதிர் வந்த நேரத்தில் போய் நின்று பார்த்தால் எவ்வளவு கலப்பு இருக்கிறது, களைநெல் உள்ளதா என்று தெரிந்துவிடும். கடையில் சாக்கில் கிடக்கும் நெல்லை வாங்காதீர்கள். எந்த வருடத்து நெல் என்று கடைக்காரருக்கே தெரியாது. புழுங்கல் போட்ட நெல் என்றால் அது வெந்த நெல், ஒரு மணியும் முளைக்காது. இந்தியாவிலிருந்து மாப்பிள்ளைச் சம்பாவைப் பைக்குள் போட்டுக் கொண்டுவந்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வெளிநாட்டு விதைக்குத் தாவரத் தனிமைப்படுத்தல் அனுமதி வேண்டும், அது நம் வயல்களின் பாதுகாப்புக்காக வைத்த சட்டம். யாரிடம் விதை இருக்கிறது என்று தெரியாவிட்டால் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரைக் கேளுங்கள். பழைய இனம் செய்கிறவர்களை அவருக்குத் தெரிந்திருக்கும்.

எவ்வளவு வேண்டும்? முதல் வருடம் கால் ஏக்கருக்கு மேல் போகாதீர்கள். ஒரு கிலோ நெல்லில் ஏறக்குறைய 40,000 மணி இருக்கும். கால் ஏக்கரில் எட்டு அங்குலத்துக்கு ஒரு குத்து நட்டால் 25,000 குத்து வரும். குத்துக்கு மூன்று நாற்று வைத்தாலும் 75,000 நாற்றுத்தான். குருவி, நண்டு, பிடுங்கும்போது முறிவது எல்லாம் போக மூன்று கிலோ நல்ல விதை தாராளம். சோதனைக்கும் கைகாவலுக்கும் இன்னொரு கிலோ வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

துணியில் நூறு மணி

இந்த ஒரு வேலையைச் செய்தால் மற்றதில் கொஞ்சம் பிழை விட்டாலும் தப்பலாம். விதைக்க ஒரு மாதம் இருக்கும்போதே செய்துவிட வேண்டும்.

சாக்கின் மேல், நடு, அடி மூன்று இடத்திலும் ஒவ்வொரு கைப்பிடி எடுத்துக் கலந்துகொள்ளுங்கள். அதிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு நூறு மணி எண்ணி எடுங்கள். நல்ல மணியாகப் பொறுக்க மனம் சொல்லும், பொறுக்கினால் சோதனை பொய்யாகிவிடும். பழைய சாரத் துண்டு ஒன்றை நனைத்துப் பிழிந்து விரித்து, பத்து வரிசையாகப் பத்துப் பத்து மணி அடுக்குங்கள். பாய் சுருட்டுவது போலச் சுருட்டி, வாய் திறந்த பொலித்தீன் பையில் வைத்து வீட்டுக்குள் நிழலில் விடுங்கள். துணி காயக்கூடாது, தண்ணீர் சொட்டவும் கூடாது. காலையும் மாலையும் கையால் தெளித்தால் சரி.

ஐந்தாம் நாள் விரித்து எண்ணுங்கள், பத்தாம் நாள் திரும்பவும் எண்ணுங்கள். முளைவேரும் முளையும் இரண்டும் வந்த மணியைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். வேர் மட்டும் நீண்டு முளை வராததையும், முளை மட்டும் வந்து வேரில்லாததையும் தள்ளிவிடுங்கள். 85க்கு மேல் வந்தால் கவலையில்லாமல் விதைக்கலாம். 70 வந்தால் மூன்று கிலோவுக்குப் பதிலாக மூன்றே முக்கால் கிலோ போடுங்கள். அதற்கும் கீழே என்றால் முளைக்காத மணிகள் செத்தவையா, உறங்குபவையா என்று பார்க்க வேண்டும்.

என் முதல் போகம் பாழான பிறகு, மிச்சமிருந்த நெல்லை இப்படித் துணியில் போட்டுப் பார்த்தேன். நூற்றுக்கு 31. எல்லாம் செத்த விதை என்று முடிவு கட்டி, கோழிக்குப் போடச் சாக்கை இழுத்தபோது பெரியப்பா வந்து துணியை வாங்கினார். முளைக்காத மணி ஒன்றை எடுத்துப் பெருவிரல் நகத்தால் அழுத்திப் பார்த்தார். கல் மாதிரி நின்றது. இன்னொன்று, அதுவும் அப்படியே.

“இது சாகேல்லை மகன். நித்திரை கொள்ளுது. உமியை உரிச்சுப் போட்டுப் பார்.”

இருபது மணியை எடுத்து, முளை இருக்கும் முனையில் நகம் படாமல் உமியை உரித்தேன். ஒரு மணிக்கு ஒரு நிமிடம் பிடிக்கும் வேலை, கை நடுங்கக்கூடாது. சிவப்பு அரிசியின் ஒரு பக்க அடியில் முட்டைக்கோசு விதை அளவுக்கு வெளிறிய புள்ளி ஒன்று தெரியும், அதுதான் கரு. அதே துணியில் திரும்பச் சுருட்டி வைத்தேன். நாலாம் நாள் விரித்தால் இருபதில் பதினேழு வெள்ளை வேர் விட்டிருந்தன. உமியோடு இருந்த மற்றவை அசையவே இல்லை. நல்ல விதையை நான் கோழிக்குப் போடப் போயிருந்தேன்.

நீங்களும் இதையே செய்யுங்கள். அழுத்தும்போது நசுங்கி வெள்ளையாகப் பிதுங்குவதும், பூஞ்சணம் பிடித்து நாறுவதும் செத்தவை. உறுதியாக நிற்பவை உறங்குபவை. உமியை உரித்ததும் முளைத்தால் சந்தேகமே இல்லை, உறக்கத்தின் பெரும்பகுதி உமியிலும் அதன் கீழுள்ள தோலிலும்தான் இருக்கிறது.

உறக்கம் தெளிய உண்மையான மருந்து காலம். நன்றாகக் காய்ந்த நெல் இரண்டு மூன்று மாதம் சாக்கில் கிடந்தால் தானாகவே தெளியும். அதனால் பெரும்போகத்து விதையை அடுத்த பெரும்போகத்துக்கு வைப்பதுதான் பழைய பழக்கம், மாசியில் வெட்டினால் ஐப்பசிக்கு எட்டு மாதம் கிடைக்கிறது. சிறுபோகத்து நெல்லை ஆவணியில் வெட்டி ஐப்பசியில் விதைப்பது சூதாட்டம். வேறு வழியில்லை என்றால் இரண்டு மூன்று நாள் வெயிலில் காயவையுங்கள். பாயில் ஓர் அங்குலத்துக்கு மேல் தடிக்காமல் பரப்பி, ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை காலால் கிளற வேண்டும். சீமெந்து நிலத்திலோ தார் வீதியிலோ நடுப்பகலில் போடவேண்டாம், அந்தச் சூட்டில் கரு வெந்துபோகும். காய்ந்ததும் நிழலில் ஆறவிட்டு, திரும்ப நூறு மணி எண்ணிப் பாருங்கள். கூடியிருக்கும்.

சப்பியைக் கழித்தல்

சுளகில் புடைத்தால் உள்ளே அரிசி இல்லாத வெறும் சப்பி போய்விடும். அரைகுறையாக நிறைந்த மணி போகாது, அதற்கு உப்புத் தண்ணீர் வேண்டும். பத்து லீற்றர் தண்ணீரில் புது முட்டை ஒன்றைப் போடுங்கள், அடியில் கிடக்கும். உப்பைக் கரைக்கக் கரைக்க அது எழும்பி வரும். மேலே ஒரு நாணயம் அளவுக்கு ஓடு தெரியும்போது நிறுத்துங்கள். ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ உப்புப் பிடிக்கும். நெல்லைக் கொட்டிக் கையால் நன்றாகக் கலக்கி, மிதப்பதை அள்ளிவிடுங்கள். மணியின் நுனியில் மீசை உள்ள இனங்களில் காற்றுக் குமிழ் ஒட்டிக்கொண்டு நல்ல மணியும் மிதக்கும், அதனால் இரண்டு மூன்று தடவை கலக்கிவிட்டுப் பிறகு அள்ள வேண்டும். அடியில் தங்கியதை உடனே நல்ல தண்ணீரில் மூன்று தடவை அலசுங்கள். உப்பில் ஊறவிடக்கூடாது.

கனத்த மணியில் மாப்பொருள் அதிகம், நாற்று முதல் இரண்டு வாரம் சாப்பிடுவது அதைத்தான்.

ஊறலும் கட்டும்

நெல்லைத் தளர்வாகச் சாக்கில் கட்டி, நல்ல தண்ணீரில் 24 மணி நேரம் அமிழ்த்தி வையுங்கள். ஓடும் வாய்க்கால் என்றால் மிகவும் நல்லது. வாளி, தொட்டி என்றால் 12 மணி நேரத்துக்கு ஒரு தடவை தண்ணீரை மாற்றுங்கள், இல்லாவிட்டால் புளிக்கும். தடித்த உமி உள்ள இனங்களுக்கு 36 மணி நேரமும் ஆகும். போதுமா என்று அறிய ஒரு மணியைக் கடித்துப் பாருங்கள். நடுவில் ‘டக்’ என்று உடையும் கடினம் இருந்தால் போதாது. மாவு போல வெட்டுப்பட்டு, கரு இருக்கும் இடம் உமிக்கு மேலாகவே புடைத்துத் தெரிந்தால் எடுத்துவிடலாம்.

அதற்கு மேல் தண்ணீரில் விடாதீர்கள். நெல் தண்ணீருக்குள்ளும் முளைக்கும், பல பயிர்களால் முடியாத காரியம் அது. ஆனால் காற்றில்லாத இடத்தில் முளையைப் போர்த்தியிருக்கும் முளையுறை மட்டும் நூல் போல நீளும், வேர் வராது. வேருக்குக் காற்று வேண்டும். இந்த ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், நாற்றுமேடையில் திரும்பவும் தேவைப்படும்.

தண்ணீரை வடியவிட்டு, சாக்கைப் பாதியளவு மட்டும் நிரப்பிக் கட்டுங்கள். மணி ஊதும், இடம் வேண்டும். சணல் சாக்குத்தான் சரி. நிழலில் வைக்கோல் பரப்பி அதன்மேல் கிடத்தி, மேலே ஈரச்சாக்கும் வைக்கோலும் மூடுங்கள். முளைக்கும் நெல் மூச்சு விடும், மூச்சு விடும்போது சூடாகும். கொஞ்சச் சூடு நல்லது, 30 முதல் 35 பாகையில்தான் நெல் நன்றாக முளைக்கிறது. 40ஐத் தாண்டினால் கரு சாகும். கையை உள்ளே விட்டுப் பாருங்கள். காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றி போலச் சுட்டால் சாக்கைத் திறந்து, தண்ணீர் தெளித்து, அடிப்பக்கத்தை மேலே கொண்டுவந்து புரட்டுங்கள். முதல் நாளுக்குப் பிறகு ஆறு, ஏழு மணி நேரத்துக்கு ஒரு தடவை இதைச் செய்ய வேண்டும், இராத்திரியிலும் ஒரு தடவை எழும்ப வேண்டும். ஊரில் ஒருவர் இரண்டு புசலை பொலித்தீன் உரப்பையில் இறுக்கிக் கட்டி இரவு முழுக்க விட்டுவிட்டார். காலையில் திறந்தபோது புளித்த கள்ளு மணம். நடுவில் இருந்தது எல்லாம் பழுப்பாகி, பிடித்தால் வழுவழுத்தது.

சரியாக வந்த சாக்கை விடியற்காலையில் அவிழ்க்கும்போது இளஞ்சூடான ஆவி முகத்தில் அடிக்கும், மழைக்குப் பிறகு வைக்கோல் போர் மணப்பது போல ஒரு மணம். ஒரு பிடி அள்ளிக் கையில் பரப்பினால் ஒவ்வொரு மணியின் முனையிலும் ஊசி முனை அளவுக்கு வெள்ளை. அவ்வளவு போதும். மணியின் பாதி நீளத்துக்கு மேல் வேர் ஓடினால் ஒன்றோடொன்று பின்னி, வீசும்போது முறியும். இதற்கு 24 முதல் 48 மணி நேரம். பழைய இனங்கள் புதியவற்றைப் போல ஒரே நேரத்தில் முளைக்க மாட்டா, பத்துக்கு எட்டு வெள்ளை கண்டால் விதைத்துவிடுங்கள். மிச்சம் மேடையில் முளைக்கும்.

நாற்றுமேடை

நேரே வீசி விதைப்பதும், மழைக்கு முன் புழுதியில் விதைப்பதும் எங்கள் பக்கத்தில் வழக்கம். புழுதி விதைப்புக்குப் பழைய இனங்கள் மிகவும் தோதானவை, மண்ணுக்குள் கொஞ்சம் ஆழத்தில் கிடந்தாலும் நீண்டு மேலே வரும் பலம் பலவற்றுக்கு உண்டு. ஆனாலும் முதல் வருடம் நாற்றுமேடைதான் போடுங்கள். ஒவ்வொரு நாற்றையும் கிட்ட இருந்து பார்க்கலாம், கால் ஏக்கருக்கு இரண்டரைப் பேர்ச் இடம் போதும். களைநெல்லையும் நடும்போதே விலக்கலாம்.

நிழல் விழாத, தண்ணீர் கட்டவும் வடிக்கவும் முடிகிற இடமாகப் பாருங்கள். இரண்டு வாரத்துக்கு முன்பே உழுது புல்லை அழுகவிட்டு, மக்கிய மாட்டெரு போட்டுத் திரும்பவும் உழுது, பலகை அடித்து மட்டம் செய்யுங்கள். மூன்றரை, நாலு அடி அகலம், மூன்று நாலு அங்குல உயரம், இடையில் ஒரு அடி வாய்க்கால். நடுவில் பள்ளம் இருந்தால் அங்கே தண்ணீர் தேங்கி வெறும் வட்டமாக நிற்கும், மட்டப் பலகையைத் திரும்பத் திரும்ப இழுக்கச் சோம்பாதீர்கள்.

அடித்த அன்றே விதைக்க வேண்டாம். தளர்ந்த சேற்றில் மணி உள்ளே போய்விடும், காற்றுக் கிடைக்காமல் வேர் வராது. ஒரு நாள் விட்டு, விரலால் கீறிப் பாருங்கள். கோடு உடனே மூடினால் இன்னும் தளர்வு, மூடாமலே நின்றால் இறுகிவிட்டது. மெல்ல மெல்ல மூட வேண்டும். பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு விதையுங்கள். மூன்று கிலோவை மூன்றாகப் பிரித்து, மேடையின் இந்தப் பக்கத்திலிருந்து ஒரு தடவை, அந்தப் பக்கத்திலிருந்து ஒரு தடவை வீசிவிட்டு, கடைசிப் பங்கை ஐதான இடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். உள்ளங்கை அகலத்துக்குள் பத்து, பன்னிரண்டு மணிக்கு மேல் விழக்கூடாது. மேலே மெல்லிதாகச் சாம்பலோ மக்கிய எருவோ தூவுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழை எங்கள் பக்கத்தில் எப்படி அடிக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஒரு மணி நேர மழை மேடையை வழித்து ஒரு மூலையில் ஒதுக்கிவிடும். கிடுகு அல்லது வைக்கோலால் மூடி, மூன்றாம் நாள், முளை ஒரு அங்குலம் ஆகும் முன் எடுத்துவிடுங்கள். விட்டுவைத்தால் நாற்று வெளிறி நீளும். குருவிக்கும் புறாவுக்கும் அதே மூடல் காவல். எடுத்த பிறகு காலையும் மாலையும் ஆள் வேண்டும்.

முதல் இருபது நாள்

முதல் ஐந்து நாள் மேடைக்கு மேல் தண்ணீர் நிற்கக்கூடாது. வாய்க்கால் நிறைய இருக்கட்டும், மண் ஈரமாகப் பளபளக்கட்டும், அவ்வளவுதான். மழை பெய்தால் உடனே வரம்பில் தண்ணீர் போகும் வக்கடையை வெட்டி வடியுங்கள். மூன்றாம், நாலாம் நாளில் முளையுறை கூர்மையாக வெளியே வரும், அதைப் பிளந்துகொண்டு ஊசி போன்ற முதல் இலை. எட்டாம் நாள் அளவில் அடுத்தது. அதற்குப் பிறகு ஓர் அங்குலத் தண்ணீர் விடலாம்.

பத்தாம் நாளுக்கும் பதினைந்தாம் நாளுக்கும் இடையில், மூன்றாவது இலை விரியும் நேரம், நாற்று வெளிறும். புதியவர்கள் பயந்து யூரியாச் சாக்கைத் தேடுவது இந்த நேரத்தில்தான். ஒரு நாற்றைப் பிடுங்கி, வேரைக் கழுவி, அடியில் ஒட்டியிருக்கும் பழைய மணியை அமுக்கிப் பாருங்கள். விதைத்த வாரத்தில் பால் வந்த மணி இப்போது வெறும் உமிப் பையாக இருக்கும். தாய் தந்த சாப்பாடு முடிந்துவிட்டது, இனி வேரும் இலையும் உழைத்துத்தான் சாப்பிட வேண்டும். பால் மறந்த பிள்ளை இரண்டு நாள் வாடுவது போலத்தான். புதிய இலை பச்சையாக வந்துகொண்டிருந்தால் ஒன்றும் போடாதீர்கள். ஐந்து நாள் கழித்தும் கீழ் இலைகள் மஞ்சளாகிக்கொண்டே போனால் மட்டும் மாட்டெருவைக் கரைத்துத் தெளிவை ஊற்றுங்கள். பழைய இனங்கள் இடுப்புக்கு மேல் வளர்பவை. இப்போதே தழைச்சத்தை ஊட்டினால் நாற்று கொழுத்து நெடுக்கும், பின்னால் வயலில் சாயும்.

மாறாக, புதிய இலையே மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அது இரும்புச் சத்துக் குறை. மணல் மேட்டில் காய்ந்த மேடை போட்டவர்களுக்கு வரும், சேற்று மேடையில் அரிது. இலை நுனி சுருண்டு ஊசி போலக் காய்ந்தால் பனிப்பூச்சி. ஈரக்கையை நாற்றின் மேல் தடவிப் பாருங்கள், கறுப்புப் பொடியாக ஒட்டி ஊரும். மழை இல்லாமல் வெயில் காயும் நாட்களில் பெருகும். நாற்றுமேடையில் மருந்து தேவையில்லை, ஒரு நாள் நாற்று மூழ்கத் தண்ணீர் கட்டி வடித்தால் போதும்.

கரையோரத்தவர்கள் உப்பைப் பற்றி அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். நெல் முளைக்கும்போது உப்பை ஓரளவு தாங்கும். இரண்டு மூன்று இலையில் நிற்கும் குஞ்சு நாற்றுத்தான் தாங்காது. அதனால் சற்று உப்புள்ள கிணற்றுத் தண்ணீரில் ஊறவைத்தால் நன்றாக முளைத்துவிடும், பயமில்லை என்று நினைத்து அதையே மேடைக்கும் இறைப்பார்கள். இரண்டாம் வாரம் இலை நுனி வெள்ளையாகக் காய்ந்து, நாற்று வட்டம் வட்டமாகச் சாகும். நோய் என்று மருந்தடித்தும் கேட்காது. மூதூர்க் கரையோரம், குச்சவெளி, எங்கள் தம்பலகாமத்தில் குடாவை ஒட்டிய தாழ்ந்த வயல்கள் எல்லாம் இந்த ஆபத்தில் உள்ளவை. மேடையை மட்டும் மேட்டு நிலத்தில், குளத்துத் தண்ணீர் எட்டும் இடத்தில் போட்டு, நாலு ஐந்து இலை வந்த பலமான நாற்றை உவர் வயலுக்குக் கொண்டுபோங்கள். இரவல் நிலமானாலும் பரவாயில்லை, இரண்டரைப் பேர்ச்தானே.

இந்த நாட்களிலேயே கலப்பையும் கண்டுபிடிக்கலாம். சில இனங்களின் நாற்று அடியில் ஊதா நிறம் ஓடும், சிலவற்றில் முழுப் பச்சை. உங்கள் மேடையில் எது அதிகம் என்று பார்த்து ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். நூறு பச்சைக்குள் ஊதா ஒன்று நின்றால் அதை அப்போதே பிடுங்கிவிடுங்கள். விதைக்கு வைக்கும் நெல்லின் சுத்தம் இங்கே தொடங்குகிறது.

பிடுங்கி நடுதல்

பச்சைப்பெருமாள் போன்ற மூன்றரை மாத இனத்துக்கு 18 முதல் 21 நாள். சுவந்தல் போன்ற நீண்டகால இனத்துக்கு 25 வரை போகலாம். வயல் தயாராகவில்லை என்று 30ஐத் தாண்ட விட்டால் நாற்று மேடையிலேயே கணு விடத் தொடங்கும், கிளைப்பதற்கான நாள் அங்கேயே கழிந்துபோகும். அதனால் வயலைப் பலகை அடித்து முடிக்கும் நாளைக் கணக்குப் பார்த்துத்தான் விதையை ஊறப்போட வேண்டும்.

பிடுங்க முதல் நாள் இரவே மேடைக்குத் தண்ணீர் கட்டுங்கள். நாலைந்து நாற்றாக அடியோடு பிடித்து, மேலே இழுக்காமல் பக்கவாட்டில் சாய்த்து எடுத்தால் வேரோடு வரும். சேற்றைத் தண்ணீரில் அலசுங்கள். குதிகாலில் அடித்து உதறும் பழக்கம் எங்கள் ஊரில் உண்டு, அடித்த நாற்று தலை நிமிர நாலு நாள் கூடப் பிடிக்கிறது என்று நான் பக்கம் பக்கமாக நட்டுப் பார்த்தேன். பிடுங்கிய அன்றே நட்டுவிடுங்கள். ஒரு அங்குல ஆழம் போதும். சேறு தளர்ந்திருக்கிறதே என்று விரல் நீளத்துக்கு அமுக்கினால் அடிக்கணு மூடுண்டு கிளைப்புப் பிந்தும். குத்துக்கு இரண்டு, மிஞ்சினால் மூன்று. பழைய இனங்கள் பல நன்றாகக் கிளைக்கும்.

மேடையின் ஒரு ஓரத்தில் இருநூறு, முந்நூறு நாற்றைப் பிடுங்காமல் விட்டுவையுங்கள். நட்ட ஏழாம், எட்டாம் நாள் வயலைச் சுற்றினால் நண்டு வெட்டியதும் மிதந்து போனதுமாக இடைவெளி தெரியும். அதே வயது நாற்றை அன்றைக்கே அந்த இடங்களில் வைத்துவிடுங்கள். பத்து நாள் பிந்தி வைத்த நாற்றின் கதிரும் பத்து நாள் பிந்தித்தான் முற்றும். பச்சை மணி கலந்த அந்த நெல்லை விதைக்கு எடுக்க முடியாது.